சம்ப் வைப்பதா, கேனிஸ்டரே போதுமா? ஓடிக்கொண்டிருக்கும் நான்கடி மீன்தொட்டிக்கு ஓர் ஒப்பீடு

விரலளவில் வாங்கி வந்த ஆஸ்கார் மீன்கள் உள்ளங்கையைத் தாண்டி வளர்ந்துவிட்டன. தண்ணீர் மாற்றிய மூன்றாம் நாளே தொட்டி மங்குகிறது. பழைய ஃபில்டரின் பஞ்சைப் பிழிந்து பிழிந்து கை ஓய்ந்துவிடுகிறது. இந்தக் கட்டத்தில்தான் பலரும் சம்ப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி, அதற்குள் அறை அறையாகப் பஞ்சும் செராமிக் வளையங்களும், கடைசி அறையில் பம்ப். நன்றாக அமைந்த சம்ப்பைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை லேசில் விடாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொட்டி செய்யப் போகிறவர், அதில் ஆஸ்கார், அரோவனா, ஃபிளவர்ஹார்ன், தங்கமீன் போன்ற அதிகம் கழிக்கும் மீன்களை வளர்க்கப் போகிறவர் என்றால், துளையிட்ட தொட்டியும் கீழே சம்ப்பும் மிகச் சரியான தேர்வு. ஏற்கெனவே மீன்களோடு ஓடிக்கொண்டிருக்கும், துளையில்லாத தொட்டி என்றால் கீழே சம்ப் வைக்காதீர்கள். தொட்டிக்கு மேலே வைக்கும் வடிகட்டிப் பெட்டியோ, வெளியே நிற்கும் மூடிய டப்பா ஃபில்டரான கேனிஸ்டரோ உங்களுக்குப் போதும். பல வீடுகளில் அதுவே சிறந்ததும்கூட. ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

கணக்குக்காக ஒரே தொட்டியை எடுத்துக்கொள்கிறேன்: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் சுமார் 255 லிட்டர். மேலே விடும் இடைவெளியும் மணலும் போக, 210 முதல் 220 லிட்டர் தண்ணீர் நிற்கும். நன்னீர் மீன்களுக்கு மட்டுமே இந்த ஒப்பீடு. பவளப்பாறையுடன் கூடிய கடல்நீர்த் தொட்டியில், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் போன்ற கருவிகளை வைக்கவே சம்ப் வேண்டியிருக்கிறது. அங்கே இந்த விவாதமே எழாது.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த ஃபில்டரில் அதிக மீடியா, அதாவது பஞ்சும் செராமிக் வளையமும், கொள்ளும் என்பதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை மீடியாவின் மேல் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். அவற்றின் எண்ணிக்கையை முடிவு செய்வது கிடைக்கும் உணவு, அதாவது அம்மோனியா. இருபது லிட்டர் செராமிக் வளையம் போட்டாலும், மீன்களின் கழிவுக்குத் தேவையான அளவு பாக்டீரியாதான் அதில் வளரும். தேவையைத் தாண்டிய மீடியா சும்மா கிடக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்த வேண்டும். எந்த ஃபில்டரை வைத்தாலும் நைட்ரேட் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டே போகும். சம்ப் வைத்தால் மொத்தத் தண்ணீர் 50 லிட்டர் கூடுகிறது. நைட்ரேட் ஏறும் வேகம் அந்த அளவுக்குக் குறைகிறது, அவ்வளவுதான். வாரம் 25 முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்றும் வேலை அப்படியே இருக்கும். அந்த வேலையிலிருந்து தப்பிக்கச் சம்ப் வைக்கிறீர்கள் என்றால் பணத்தை வீணாக்குகிறீர்கள்.

ஆகவே என் வரிசை வேறு. முதலில், மின்சாரம் நின்று திரும்பும்போது தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பேன். அடுத்து, சுத்தம் செய்வது எவ்வளவு எளிது. கடினமான வேலை தள்ளிப்போடப்படும், தள்ளிப்போட்ட ஃபில்டர் தண்ணீரைக் கெடுக்கும். மூன்றாவது நம் கோடை. 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 32 டிகிரியில் அது 7.3 ஆகக் குறைகிறது. அதே வெப்பத்தில் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. அதன் பிறகுதான் மின்கட்டணம், சத்தம், இடம், செடிகள்.

## கீழே சம்ப், துளையிட்ட தொட்டி

தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே துளை. அதில் டேங்க் கனெக்டர் பொருத்தி, வழியும் நீரைக் குழாய் வழியே சம்ப்புக்கு இறக்குகிறோம். கடைசி அறையிலிருந்து பம்ப் அதை மீண்டும் மேலே தள்ளுகிறது. தண்ணீர் தன் எடையால் இறங்குவதால் இறங்கும் பக்கம் எந்தக் கருவியும் இல்லை. இதுதான் இந்த அமைப்பின் பெரிய பலம்.

இரண்டாவது பலம் ஆக்சிஜன். மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலம் முதலில் வழிந்துவிடும். இறங்கும் தண்ணீர் குழாயில் காற்றோடு உரசி, அறைகளில் விழுந்து எழுந்து போகிறது. ஏப்ரல், மே மாதங்களில் இந்த வித்தியாசம் மீனின் மூச்சிலேயே தெரியும்.

மூன்றாவது பலம் சுத்தம் செய்யும் வசதி. முதல் அறையின் பஞ்சை எடுக்க எதையும் நிறுத்த வேண்டாம், கழற்ற வேண்டாம். இரண்டு பெரிய ஆஸ்கார் இருக்கும் தொட்டியில் நான்காம் நாள் அந்தப் பஞ்சை எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு காப்பிப் பொடி நிறத்தில் கனத்துத் தொங்கும். பிழிந்தால் விரலிடுக்கில் வழவழவென்று வழியும். மூடிய பெட்டிக்குள் இருந்தால் அது மாதக்கணக்கில் அங்கேயே அழுகி அம்மோனியாவைத் தரும். கண்ணெதிரே இருப்பதால் எடுத்து எறிந்துவிடுவீர்கள். சம்ப் வைத்தவர்களின் தொட்டி தெளிவாக இருப்பதற்கு என் பார்வையில் முதல் காரணம் இதுதான்.

இனி மின்வெட்டு. பம்ப் நின்றவுடன் வழிவுத் துளையின் விளிம்புக்கு மேல் நிற்கும் நீரும் குழாய்களில் இருக்கும் நீரும் சம்ப்புக்கு இறங்கும். நம் தொட்டியில் ஓர் அங்குல உயரத் தண்ணீர் என்பது 14 லிட்டர். ஒன்றரை அங்குலம் இறங்கினால் 21 லிட்டர். இரண்டரை அடி நீளமும் ஓர் அடி அகலமும் உள்ள சம்ப்பில் இந்த 21 லிட்டர் மூன்றரை அங்குலத்துக்கும் சற்று அதிகமாக மட்டத்தை உயர்த்தும். ஆகவே சம்ப் ஓடும்போது அதன் விளிம்புக்குக் கீழே ஐந்து அங்குலமாவது காலியாக இருக்க வேண்டும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் சம்ப்புகள் நிறையத் தண்ணீரோடு அழகாக இருக்கும். அந்த அளவை வீட்டில் பின்பற்றக் கூடாது.

இதைவிட ஆபத்தானது தண்ணீர் மேலே திரும்பும் குழாய். அதன் வாய் தண்ணீருக்குள் ஆறு அங்குலம் ஆழத்தில் இருந்தால், பம்ப் நின்றதும் அதே குழாய், நீரைத் தானாகவே இழுத்து இறக்கும் சைஃபனாக மாறி, வாய் வெளியே தெரியும்வரை தொட்டியை உறிஞ்சிவிடும். ஆறு அங்குலம் என்றால் 85 லிட்டர். 15 அங்குல உயரச் சம்ப் 9 அங்குல நீரோடு ஓடிக்கொண்டிருந்தால் அதில் 35 லிட்டருக்குத்தான் இடம். மீதி 50 லிட்டர் உங்கள் கூடத்தில் நிற்கும். குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே வையுங்கள். நீர்மட்டத்தை ஒட்டி அதில் ஒரு சிறு துளை போட்டு, பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்பியிருக்காதீர்கள். ஒரு நத்தை ஓடு சிக்கினால் அது முழுதாக மூடாது.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது மின்சாரம். சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் நீர்மட்டம்வரை நான்கடி ஏற்றம் இருக்கும். அட்டைப்பெட்டியில் மணிக்கு 2,500 லிட்டர் என்று போட்டிருக்கும் பம்ப் அந்த உயரத்தில் ஏறக்குறைய பாதிதான் தரும். நமக்கு மணிக்கு 1,200 லிட்டர் வேண்டும் என்றால் 40 வாட் பம்ப் ஒன்றாவது ஓட வேண்டியிருக்கும். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 58 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் அப்படியே சொல்கிறேன். ஏற்கெனவே 450 யூனிட் வரும் வீட்டில் இது 500 என்ற எல்லையைத் தாண்டவைக்கும். அப்போது கட்டண அடுக்கே மாறிவிடும்.

இரண்டாவது, வற்றுதல். சம்ப் அமைப்பில் தொட்டியின் மட்டம் எப்போதும் மாறாது. வற்றும் நீர் முழுவதும் பம்ப் இருக்கும் கடைசி அறையில்தான் குறையும். தொட்டியிலிருந்து நாளொன்றுக்குக் கால் அங்குலம் வற்றுகிறது என்று வையுங்கள். அது மூன்றரை லிட்டர். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல அளவுள்ள பம்ப் அறையில் அது இரண்டேகால் அங்குலமாகத் தெரியும். மூன்று, நான்கு நாளில் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். மிதவை வால்வும் மேலே ஒரு கேன் தண்ணீரும் வைத்தால் போதும். வற்றிய இடத்தை ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாவது, அலமாரி. சம்ப்பிலிருந்து எழும் ஈரம் சாதாரணத் துகள்பலகையைச் சில மாதங்களில் உப்பவைத்துவிடும். மேலே கால் டன்னுக்கு மேல் நிற்கும்போது இதில் சமரசம் வேண்டாம். சதுர இரும்புக் குழாயில் ஸ்டாண்டு அடித்து, பலகையை மறைப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

சத்தம் தனிக்கதை. ஒரே குழாயில் காற்றும் நீரும் சேர்ந்து இறங்கினால் கழிவறைத் தொட்டி காலியாவது போன்ற ஓசை நாள் முழுவதும் கேட்கும். டர்சோ என்ற வளைந்த தலைக்குழாய் இதைப் பெருமளவு குறைக்கும். ஹெர்பி முறையில் இரண்டு குழாய்கள்: ஒன்றில் வால்வைத் திருகி, காற்றே புகாமல் நீர் மட்டும் இறங்கும்படி செய்கிறோம், மற்றொன்று சற்று உயரத்தில் அவசரத்துக்காகக் காத்திருக்கும். இரண்டாவது குழாய் இல்லாத சம்ப்பை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரு வாடிய இலை வழிவை அடைத்துக்கொள்ளும். அது நடக்கும்போது நாம் வீட்டில் இருக்க மாட்டோம்.

புதுத் தொட்டி என்றால் இவையெல்லாம் எளிது. சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் கடைத்தெருவில் அளவு சொல்லிச் செய்யும்போதே துளையும் கேட்டுவிடலாம். பழைய தொட்டி என்றால் முழுவதும் காலி செய்து, வைரத்தூள் பதித்த துளைப்பானால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே துளைக்க வேண்டும். சூடாக்கிக் கடினமாக்கிய டஃபன்டு கண்ணாடியாக இருந்தால் துளைப்பான் பட்டதும் நொறுங்கும். கண்ணாடிக்குப் பின்னால் மடிக்கணினியின் வெள்ளைத் திரையை வைத்து, போலராய்டு கண்ணாடி போட்டுப் பார்த்தால், டஃபன்டு கண்ணாடியில் கறுப்புப் பட்டைகளோ புள்ளிகளோ தெரியும். மீன்களை வேறு இடத்தில் வைத்து இதையெல்லாம் செய்வது பலருக்குச் சாத்தியமில்லை. அதனால்தான் அடுத்த வழியைத் தேடுகிறார்கள்.

## கீழே சம்ப், துளையில்லாமல் சைஃபன் பெட்டி

தொட்டியின் விளிம்பில் ஒரு பெட்டியை மாட்டி, வளைந்த குழாய் வழியே தண்ணீரை வெளிப்பெட்டிக்கு இழுத்து, அங்கிருந்து கீழே இறக்கும் முறை. மலிவு, தொட்டியைத் தொட வேண்டாம், ஒரே மாலையில் மாட்டிவிடலாம்.

மின்வெட்டு உள்ள ஊரில் இதை வேண்டாம் என்றே சொல்வேன். வளைகுழாயின் உச்சியில் சிறுசிறு குமிழ்கள் சேரும். ஓட்டம் இருக்கும்வரை ஒருவேளை அடித்துச் செல்லப்படும். மின்சாரம் நின்று, ஓட்டமும் நின்று, மீண்டும் பம்ப் ஓடும்போது அந்தக் குமிழ் சைஃபனை அறுத்துவிட்டால், கீழே தண்ணீர் இறங்காது. பம்ப்போ மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். கடைசி அறையில் உள்ளதெல்லாம் மேலே ஏறி, தொட்டியில் இடம் போதாவிட்டால் விளிம்பைத் தாண்டி வழியும். பிறகு பம்ப் வறண்டு ஓடி எரியும். பிவிசி குழாய்களை வளைத்து, பம்ப் நின்றாலும் நீர் வெளியேறாமல் தாங்கும் வடிவங்கள் இருக்கின்றன. அவை சற்று மேல். ஆனாலும் உச்சியில் காற்று சேர்வது சேர்வதுதான்.

வாடகை வீட்டில், நாளெல்லாம் யாராவது இருக்கும் இடத்தில், கொஞ்ச காலத்துக்கு என்றால் ஓரளவு ஏற்கலாம். வேறு எந்தச் சூழலும் எனக்குத் தோன்றவில்லை.

## தொட்டிக்கு மேலே பெட்டி

கடைகளில் ஓவர்ஹெட் சம்ப் என்று கேட்டால் தருவார்கள். தொட்டிக்குள் ஒரு பம்ப்; அது தண்ணீரை மேலே இருக்கும் பெட்டிக்கு ஏற்றும்; பஞ்சு, ஸ்பாஞ்ச், செராமிக் வளையம் வழியே கடந்து தன் எடையால் தொட்டிக்குள்ளேயே விழும். பெரிய மீன் வளர்ப்பவர்கள் நம் ஊரில் ஏராளமாகப் பயன்படுத்தும் முறை இது. இருந்தும், சம்ப் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மின்வெட்டுக் கேள்விக்கு இதன் விடை மிகத் தெளிவானது. பம்ப் நின்றால் மேலே உள்ள தண்ணீர் கீழே தொட்டிக்குத்தான் வரும். பெட்டி முழுவதும் காலியானாலும் தொட்டியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். 15 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பெட்டி என்றால் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். மின்சாரம் திரும்பினால் எந்தச் சைஃபனும் மறுபடி பிடிக்க வேண்டியதில்லை.

ஏற்றமும் குறைவு. பம்ப் தொட்டியின் அடியில் இருந்தாலும் கணக்கு நீர்மட்டத்திலிருந்துதான் தொடங்கும்; ஓர் அடி, ஒன்றரை அடி ஏற்றினால் போதும். 18 வாட் பம்ப்பே நல்ல ஓட்டம் தரும். இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். சம்ப்பில் பாதிக்கும் குறைவு. தண்ணீர் உயரத்திலிருந்து விழுவதால் ஆக்சிஜனும் நன்றாகக் கரையும். பஞ்சு கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதால் குனிய வேண்டாம். முதுகுவலி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

குறைகளும் இருக்கின்றன. தொட்டியின் மேற்புறத்தில் பாதி மறைந்துவிடும். விளக்கு, மூடி இரண்டையும் மாற்றியமைக்க வேண்டும். அரோவனா, தொட்டியைவிட்டுத் துள்ளும் மீன் என்பதால் மீதி இடத்தை வலையால் மூடியே ஆக வேண்டும். பம்ப் தொட்டிக்குள் இருப்பதால் அதன் சூடு தண்ணீரில் சேரும், பார்வைக்கும் இடைஞ்சல். பெட்டியில் பஞ்சு அடைத்துக்கொண்டால் தண்ணீர் பெட்டியின் விளிம்பைத் தாண்டிச் சுவரோரம் வழியும். அதற்குப் பஞ்சு அறையின் மேல்மட்டத்தில் ஓர் அவசர வழிவுத் துளை கட்டாயம். அத்துளையின் நீர் நேரே தொட்டிக்குள் விழ வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாமல் விற்கப்படும் பெட்டிகள் நிறைய. பெட்டியின் எடையைக் கண்ணாடி விளிம்பில் நேரடியாக ஏற்றாமல், ஸ்டாண்டிலிருந்தே இரண்டு கால்கள் எழுப்பித் தாங்குவது நல்லது.

ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி, பெரிய மீன்கள், அடிக்கடி மின்வெட்டு. இந்த மூன்றும் சேர்ந்த வீட்டுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

## கேனிஸ்டர்

மூடிய டப்பா, இரண்டு ஓஸ், உள்ளே தட்டுத்தட்டாக மீடியா. சத்தம் மிகக் குறைவு. தண்ணீர் மூடிய வளையமாகச் சுற்றுவதால் பம்ப்புக்கு ஏற்றச் சுமை இல்லை. நம் தொட்டிக்கு 20 வாட் அளவு போதும், இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். படுக்கையறையிலோ கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்திலோ தொட்டி இருந்தால் கேனிஸ்டரை மிஞ்ச எதுவுமில்லை. செடித்தொட்டிக்கும் அப்படியே. கரியமில வாயு செலுத்தி வளர்க்கும் செடிகளுக்குச் சம்ப் எதிரி. ஆக்சிஜனைக் கரைக்கும் அதே வீழ்ச்சி கரியமில வாயுவைப் பறக்கவிட்டுவிடும்.

கேனிஸ்டரில் வெள்ளப் பயம் இல்லை என்று நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்வெட்டில் அது பாதுகாப்பானது, உண்மை. ஆனால் அதன் உறிஞ்சுகுழாய் தொட்டியின் அடிவரை போகிறது. தலைப்பகுதியின் ரப்பர் வளையம் காய்ந்து கசிந்தால், சைஃபன் தொட்டியை ஏறக்குறைய அடிவரை காலி செய்யும். துளையிட்ட தொட்டியில் மேல்பகுதி நீர் மட்டுமே இறங்கும். இங்கே மீன் நீந்தும் நீரே போய்விடும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த வளையத்தைத் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். வாங்கும் நாளிலேயே உதிரி வளையமும், பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லரும் கடையில் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒரு பத்து ரூபாய் ரப்பருக்காக முழு ஃபில்டரும் மூலையில் கிடக்கும் வீடுகள் உண்டு.

நீண்ட மின்வெட்டில் வேறொரு சிக்கல். மூடிய டப்பாவுக்குள் இருக்கும் ஆக்சிஜனைப் பாக்டீரியா சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். பிறகு உள்ளே அழுகல் தொடங்கும். புயல் நாளில் அரைநாள் நின்ற கேனிஸ்டரை அப்படியே ஓடவிட்டால் அந்தத் தண்ணீர் நேரே மீன்களிடம் போகும். திறந்து, நாறும் நீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டி நீரில் அலசிய பிறகே ஓட்டுங்கள். குளோரின் கலந்த குழாய்நீரில் அலசினால் மிஞ்சிய பாக்டீரியாவும் போய்விடும்.

ஆஸ்கார் போன்ற மீன்களுக்குக் கேனிஸ்டர் வைப்பவர்கள் உறிஞ்சுகுழாயின் வாயில் ஒரு முன்ஸ்பாஞ்ச் மாட்டி அதை நாலைந்து நாளுக்கு ஒருமுறை பிழிய வேண்டும். இல்லையென்றால் ஒரு மாதத்துக்குள் ஓட்டம் பாதியாகக் குறையும்.

## எதையும் மாற்றாமல் ஸ்பாஞ்ச் ஃபில்டர் கூட்டுவது

கப்பி, டெட்ரா, மோலி, இரண்டு மூன்று ஏஞ்சல் என்ற அளவில் மீன்கள் இருந்தால் மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், 5 வாட் ஏர் பம்ப், இரண்டு மாதத்துக்கு 7 யூனிட். குஞ்சுகள் உறிஞ்சப்படாது, மின்சாரம் போனால் பேட்டரி ஏர் பம்ப்பை அதே குழாயில் மாட்டிவிடலாம். தண்ணீர் மங்குவதற்கு ஃபில்டரைக் குறை சொல்வதற்கு முன், உணவை ஒரு வாரம் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பல தொட்டிகள் அதிலேயே தெளிந்துவிடுகின்றன.

## ஒரே பார்வையில்

| | துளை + சம்ப் | சைஃபன் + சம்ப் | மேல்பெட்டி | கேனிஸ்டர் |
|---|---|---|---|---|
| மின்சாரம் நின்று திரும்பும்போது | அளவு சரியென்றால் பாதுகாப்பு | நம்ப முடியாது | பாதுகாப்பு | பாதுகாப்பு. நீண்ட வெட்டுக்குப் பின் கழுவ வேண்டும் |
| மிக மோசமான கசிவு | சம்ப் கொள்ளாத நீர் தரையில் | தொட்டி கொள்ளாத பம்ப் அறை நீர் தரையில் | பஞ்சு அடைத்தால் மேலிருந்து வழிவு | தொட்டி அடிவரை காலி |
| பஞ்சு மாற்றுவது | மிக எளிது | மிக எளிது | எளிது | கழற்ற வேண்டும் |
| கோடையில் ஆக்சிஜன் | மிக நன்று | மிக நன்று | நன்று | தனியாக ஏர் பம்ப் வேண்டும் |
| இரண்டு மாத யூனிட் | 58 | 58 | 26 | 29 |
| சத்தம் | குழாய் அமைப்பைப் பொறுத்தது | அதிகம் | நீர் விழும் ஓசை | மிகக் குறைவு |
| ஓடும் தொட்டியில் சேர்ப்பது | கடினம் | எளிது | எளிது | மிக எளிது |
| செடித்தொட்டி | பொருந்தாது | பொருந்தாது | பொருந்தாது | பொருந்தும் |

யூனிட் கணக்கு மேலே சொன்ன வாட் அளவுகளுக்கானது. உங்கள் பம்ப்பின் வாட்டை 1.44 ஆல் பெருக்கினால் இரண்டு மாதக் கணக்கு வந்துவிடும்.

## சம்ப் என்றே முடிவெடுத்திருந்தால்

பம்ப் அறையைச் சிறியதாக வையுங்கள். வழிவு முழுவதுமாக அடைத்துக்கொண்டாலும், பம்ப் மேலே ஏற்றக்கூடியது அந்த அறையின் நீரை மட்டுமே. மற்ற அறைகளின் நீரைத் தடுப்புக் கண்ணாடிகள் பிடித்துக்கொள்ளும். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல அறையில் 9 அங்குல நீர் என்பது 14 லிட்டர். தொட்டியில் ஓர் அங்குலம். ஓடும்போது தொட்டியின் விளிம்புக்குக் கீழே ஒன்றரை அங்குலம் விட்டிருந்தால் ஒரு சொட்டும் வெளியே போகாது. வற்றும் நீரைக் கருதி அறையைப் பெரிதாக்கத் தோன்றும். வேண்டாம், அதற்கு மிதவை வால்வு இருக்கிறது.

மின் இணைப்புகள் எல்லாவற்றையும், மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வழியே கொடுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தாழ்ந்து வளைந்து மேலேறட்டும்; வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சம்ப்புக்கு மூடி போடுங்கள். மீன் இல்லாத நீர் என்பதால், பம்ப் நிற்கும் நாட்களில் கொசு முட்டையிட அதுவே இடம். இரண்டு கப்பிகளை அதில் விட்டாலும் சரி.

மீன்களை விடுவதற்கு முன் வெறும் தண்ணீரோடு ஓடவிட்டுச் சுவிட்சை அணையுங்கள். அலமாரியைத் திறந்து பக்கத்திலேயே உட்காருங்கள். குழாயில் கடகடவென்ற ஓசை எழும், சம்ப்பின் மட்டம் தடுப்புக் கண்ணாடிகளை மூழ்கடித்து ஏறும், பிறகு மெல்ல நிற்கும். நின்ற இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். மறுபடி சுவிட்சைப் போடுங்கள், மறுபடி அணையுங்கள். கோடு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்க வேண்டும். அடுத்து, ஓடும்போதே வழிவின் வாயைத் துணியால் அடைத்து, அவசரக் குழாய் முழு நீரையும் தாங்குகிறதா என்று பாருங்கள்.

பழைய ஃபில்டரை உடனே கழற்றிவிடாதீர்கள். இதுவரை மீன்களைக் காத்த பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. புதிய அமைப்போடு சேர்த்து நான்கு முதல் ஆறு வாரம் ஓடட்டும். அல்லது அதன் ஸ்பாஞ்சைக் கழுவாமல் எடுத்துப் புதிய அமைப்பின் செராமிக் வளையங்களுக்கு மேலே வைத்துவிடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்திலேயே நிற்கின்றனவா என்று சோதனைத் திரவத்தால் வாரம் இருமுறை பார்த்து, உறுதியான பிறகு பழையதை எடுக்கலாம்.